செல்லப்பிராணியுடன் வாடகைக்குக் குடியேறுதல்: சங்கம் தடுக்க இயலாது, உரிமையாளர் மறுக்கலாம்

புதுதில்லி: நாய் அல்லது பூனையுடன் வாடகை வீடு தேடுவோர் இந்திய நகரங்களில் இரண்டு தடைகளைக் கடக்க வேண்டியுள்ளது. ஒன்று வீட்டு உரிமையாளரின் சம்மதம். மற்றொன்று அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச் சங்கம். நடைமுறையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், சட்டத்தின் பார்வையில் இவை முற்றிலும் வேறானவை.

குடியிருப்பில் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று விதி வகுக்க நலச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்பதை இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லும், கேரள உயர் நீதிமன்றம் 2021-லும் தெளிவுபடுத்தியுள்ளன. ஆனால் தமது சொந்த வீட்டை நாய் வைத்திருப்பவருக்கு வாடகைக்கு விட்டே ஆக வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நாட்டில் இல்லை. சொந்த வீட்டில் வசிப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு முழுவதும் வாடகைதாரருக்கும் தானாகவே கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. வாடகைதாரரின் உரிமை, உரிமையாளர் எழுத்துப்பூர்வமாகத் தரும் சம்மதத்தில் இருந்தே தொடங்குகிறது.

"செல்லப்பிராணிக்குத் தடை விதிப்பது சட்டவிரோதம்" என்று சமூக ஊடகங்களில் அடிக்கடி வலம்வரும் குறுந்தகவல், இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அதை நம்பி ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவோர், சில மாதங்களில் வீட்டைக் காலி செய்வதா, பிராணியைக் கைவிடுவதா என்ற நிலைக்குத் தள்ளப்படுகின்றனர்.

வாரியம் கூறுவது என்ன?

இந்திய விலங்குகள் நல வாரியம், 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவின் கீழ் 1962-இல் அமைக்கப்பட்ட சட்டப்பூர்வ அமைப்பாகும். இதன் முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். சென்னையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கிய இதன் தலைமையகம், 2018-இல் ஹரியாணா மாநிலம் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது. தற்போது மத்திய மீன்வளம், கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை அமைச்சகத்தின் கீழ் வாரியம் செயல்படுகிறது.

குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் அடுக்குமாடி உரிமையாளர் சங்கங்களுக்கும் இந்த வாரியம் 2015 பிப்ரவரி 26 அன்று விரிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. உள்ளாட்சி விதிகளை மீறாமல் வளர்க்கப்படும் செல்லப்பிராணிகளுக்குச் சங்கங்கள் தடை விதிக்க முடியாது என்பது அவற்றின் சாரம். பொதுக்குழுவில் பெரும்பான்மை வாக்குகளுடன் தீர்மானம் நிறைவேற்றினாலும், துணை விதிகளைத் திருத்தினாலும் அத்தடை செல்லாது. நாயின் அளவையோ இனத்தையோ காரணம் காட்டவும் இயலாது. குரைப்பது நாயின் இயல்பு என்பதால், அதைத் தடைக்கான காரணமாகக் கொள்ள முடியாது என்றும் வாரியம் கூறியுள்ளது. எனினும் இரவு நேரத்தில் அண்டைவீட்டாரின் உறக்கம் கெடாதவாறு பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வளர்ப்பவருக்கு உண்டு.

அன்றாடம் அதிகத் தகராறு எழுவது லிஃப்ட் தொடர்பாகவே. செல்லப்பிராணிகளை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சங்கம் உத்தரவிட முடியாது. அதற்கெனத் தனிக் கட்டணம் வசூலிக்கவும் முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட லிஃப்ட் உள்ள கட்டடத்தில் எதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒழுங்குபடுத்தலாம். பூங்காவுக்குள் நுழையவே கூடாது என்று தடுக்க முடியாது, நேரம் வரையறுக்கலாம். பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்லுமாறும், கழிவை அப்புறப்படுத்துமாறும் வளர்ப்பவரைக் கேட்டுக்கொள்ளலாம். சட்ட ஆதாரமின்றி அபராதம் விதிக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை.

வீட்டு உரிமையாளர் ஆட்சேபிக்காத வாடகைதாரர்களுக்கும் இவை அனைத்தும் பொருந்தும் என்று வழிகாட்டுதல்கள் குறிப்பிடுகின்றன. வாடகைதாரர்கள் கவனிக்க வேண்டிய சொற்கள் இவையே. உரிமையாளர் ஆட்சேபித்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குள் வாரியம் செல்லவில்லை.

கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு

வாரியத்தின் வழிகாட்டுதல்கள் நாடாளுமன்றச் சட்டத்துக்கு நிகரானவை அல்ல. அவற்றை மதிக்காத சங்கங்கள் பல உண்டு. இச்சூழலில் அவற்றுக்கு நீதிமன்றத்தின் வலு சேர்த்தது, கேரள உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் அளித்த தீர்ப்பு.

செல்லப்பிராணிகளை வெளியேற்றுமாறு அடுக்குமாடிச் சங்கங்கள் குடியிருப்பாளர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதை எதிர்த்து ஒரு விலங்கு நல அமைப்பு பொதுநல வழக்குத் தொடர்ந்தது. இதை விசாரித்த நீதிபதிகள் ஏ.கே. ஜெயசங்கரன் நம்பியார், பி. கோபிநாத் ஆகியோர் அடங்கிய அமர்வு, குடியிருப்பாளர்கள் தாம் விரும்பும் பிராணியைத் தம் வீட்டில் வளர்ப்பதைத் தடுக்கும் துணை விதிகள் சட்டவிரோதமானவை, அரசியலமைப்புக்கு முரணானவை, நடைமுறைப்படுத்த இயலாதவை என்று தீர்ப்பளித்தது. செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்று அறிவிப்புப் பலகை வைப்பதையும் சங்கங்கள் தவிர்க்க வேண்டும் என்று கூறியது. அதே வேளையில், ஒருவர் பிராணி வளர்ப்பது அக்கம்பக்கத்தாரின் உரிமையில் தலையிடுவதாக அமையக் கூடாது என்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினர். நியாயமான நிபந்தனைகளை விதிக்கச் சங்கத்துக்கு உள்ள உரிமை தொடர்கிறது.

இத்தீர்ப்பு கேரளத்தில் கட்டுப்படுத்தும் தன்மையுடையது. பிற மாநிலங்களின் நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டத்தக்க முன்னுதாரணமாக மட்டுமே விளங்கும். அனைத்து உயிர்களிடமும் பரிவு காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று கூறும் அரசியலமைப்பின் 51ஏ(ஜி) பிரிவும் இத்தகைய வழக்குகளில் எடுத்தாளப்படுகிறது.

தெருநாய்கள் தொடர்பாக 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளைச் சில சங்கங்கள் வீட்டு நாய்களுக்கும் பொருத்திப் பேசுகின்றன. அவ்வழக்கின் பொருள் தெருநாய்களே. வீட்டுக்குள் வளரும் நாயை வெளியேற்றுவதற்கு அந்த உத்தரவுகளில் இடமில்லை.

உரிமையாளர் ஏன் மறுக்கலாம்?

வாடகை என்பது அடிப்படையில் ஓர் ஒப்பந்தம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் மாநில வாடகைச் சட்டங்களும் அதன் எல்லைகளை வகுக்கின்றன. செல்லப்பிராணி கூடாது என்ற நிபந்தனையை இச்சட்டங்கள் தடை செய்யவில்லை. தில்லியை எடுத்துக்கொண்டால், 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் உள்ள வீடுகளுக்குப் பொருந்தாது. இன்று அந்த வாடகைக்கு அடுக்குமாடி வீடு கிடைப்பது அரிது என்பதால், பெரும்பாலான குடித்தனங்கள் ஒப்பந்தத்தையும் சொத்து மாற்றுச் சட்டத்தையும் மட்டுமே நம்பியுள்ளன.

மும்பையிலும் புணேயிலும் வழக்கத்தில் இருப்பது "லீவ் அண்ட் லைசென்ஸ்" ஒப்பந்தம். இதில் குடியிருப்பவருக்குக் கிடைப்பது வீட்டைப் பயன்படுத்துவதற்கான அனுமதி மட்டுமே. குத்தகை உரிமை கிடைப்பதில்லை. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன் 55-வது பிரிவின்படி இந்த ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதிப் பதிவு செய்வது கட்டாயம். காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டிய கடமை உரிமையாளருக்கு இல்லை. முதல் ஆண்டு நாயை ஏற்றுக்கொண்டவர் அடுத்த ஆண்டு ஏற்காமல் போகலாம்.

உரிமையாளர்களின் தயக்கத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கதவிலும் அலமாரியிலும் நகக்கீறல், மரத்தரையில் ஊறும் சிறுநீர், மெத்தை இருக்கைகளில் படியும் முடி ஆகியவற்றைச் சரிசெய்யும் செலவு முன்பணத்தைத் தாண்டிவிடக்கூடும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. பொருட்களுடன் வாடகைக்கு விடப்படும் வீடுகளில் இந்த அச்சம் அதிகம். சைவ உணவுப் பழக்கமுள்ள உரிமையாளர்கள், நாய்க்கு இறைச்சி சமைப்பதை ஏற்பதில்லை. பூஜை அறை உள்ள வீட்டில் நாய் நடமாடுவதை விரும்பாதோரும் உள்ளனர். உரிமையாளர் அதே கட்டடத்தில் வசித்தால், புகார்கள் நேராக அவரிடமே வந்து சேரும்.

பேச்சுவார்த்தையின்போது இவற்றுக்குத் தனித்தனியே பதில் சொல்பவருக்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. தடுப்பூசிப் புத்தகம், உள்ளாட்சி உரிமத்தின் நகல், கருத்தடை செய்யப்பட்டதற்கான கால்நடை மருத்துவரின் சான்று, முந்தைய வீட்டு உரிமையாளர் எழுதித் தந்த கடிதம் ஆகியவை தரகரின் வாய்மொழி உறுதியைவிட வலுவானவை. வளர்ந்த நாயாக இருந்தால், உரிமையாளரை நேரில் வந்து பார்க்கச் சொல்வதும் பயனளிக்கும்.

சங்கத்தின் நெருக்கடி உரிமையாளர் வழியாக

மேலே கண்ட இரண்டு தடைகளும் ஒன்று சேரும் இடமே வாடகைதாரருக்கு மிகவும் ஆபத்தானது. வாடகைதாரரை நேரடியாகத் தடுக்க முடியாது என்று அறிந்த சங்கங்கள், உரிமையாளருக்கு நெருக்கடி கொடுக்கின்றன. குடிபுகுவதற்கான ஆட்சேபமின்மைக் கடிதத்தைத் தாமதிப்பது, சாமான்கள் ஏற்றிவந்த லாரியை வாயிலில் நிறுத்துவது, பராமரிப்புக் கட்டணத்துடன் "பிராணிக் கட்டணம்" சேர்த்து ரசீது அனுப்புவது ஆகியவை வழக்கமான உத்திகள். வெளியூரிலோ வெளிநாட்டிலோ வசிக்கும் உரிமையாளர், சங்கத்துடன் மோதுவதைவிட வாடகைதாரரை மாற்றுவதே எளிது என்று முடிவு செய்கிறார். இதன்மூலம், தன்னால் நேரடியாகச் செய்ய முடியாததைச் சங்கம் உரிமையாளரைக் கொண்டு செய்து முடிக்கிறது.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சங்கத்தின் துணை விதிகளை உரிமையாளரிடம் கேட்டுப் படிப்பது அவசியம். தடை விதி இருந்தால், வாரியத்தின் வழிகாட்டுதல்களை இணைத்து உரிமையாளரின் பெயரிலேயே சங்கத்துக்குக் கடிதம் கொடுக்கச் செய்யலாம். சங்கத்தின் உறுப்பினர் உரிமையாளரே. வாடகைதாரர் அனுப்பும் கடிதத்தைவிட உறுப்பினரின் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். சங்கம் பிடிவாதம் காட்டினால், அது பதிவு செய்யப்பட்ட சட்டத்துக்கேற்பக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளரிடமோ, சங்கங்களின் பதிவாளரிடமோ முறையிடலாம். வாரியத்துக்கும் புகார் அனுப்பலாம். இறுதி வழி நீதிமன்றம்.

ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை

பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் 11 மாதங்களுக்கு எழுதப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி கட்டாயம் என்பதே இதற்குக் காரணம். முத்திரைத்தாள் விற்பவரிடமோ தரகரிடமோ கிடைக்கும் அச்சிட்ட படிவத்தில் செல்லப்பிராணி பற்றி ஒன்றும் இருக்காது, அல்லது "வளர்க்கக் கூடாது" என்ற வரி ஏற்கெனவே இருக்கும். வாய்மொழியாகச் சம்மதித்த உரிமையாளர்கூட அந்த வரியை அடிக்காமல் விட்டுவிடுவது உண்டு. தகராறு வரும்போது நீதிமன்றத்தில் நிற்பது அச்சிட்ட வரியே.

சம்மதத்தைப் பின்வருமாறு எழுதலாம்: "வாடகைதாரர் தமக்குச் சொந்தமான, நான்கு வயதுள்ள, தடுப்பூசி போடப்பட்டு உள்ளாட்சி அமைப்பில் உரிமம் பெற்ற ஒரு நாயை ஒப்பந்தக் காலம் முழுவதும் இவ்வீட்டில் வைத்திருக்க உரிமையாளர் சம்மதிக்கிறார். நலச் சங்கத்தின் ஆட்சேபம் மட்டுமே இந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதற்குக் காரணமாகாது. பிராணியால் வீட்டுக்கு ஏற்படும் சேதத்தை, இயல்பான தேய்மானம் நீங்கலாக, வாடகைதாரர் ரசீதுகளின் அடிப்படையில் ஈடுசெய்வார்." இவற்றுள் இரண்டாவது வாக்கியமே முக்கியமானது. பல ஒப்பந்தங்களில் விடுபடுவதும் அதுவே.

பிராணியின் எண்ணிக்கையைக் குறிப்பிடுவது இரு தரப்புக்கும் நல்லது. ஒரு நாய் என்று எழுதிவிட்டுத் தெருவில் கண்டெடுத்த குட்டியையும் சேர்த்துக்கொண்டால், ஒப்பந்த மீறல் என்ற வாதத்துக்கு இடமுண்டு. நாயின் இனத்தை எழுதுமாறு உரிமையாளர் கேட்டால் எழுதலாம். நாட்டு நாய் என்பதற்காகச் சட்டத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

பூனை வளர்ப்போருக்குப் பால்கனி வலை இன்றியமையாதது. உயரமான தளங்களில் இருந்து பூனைகள் தவறி விழும் விபத்துகள் ஏற்படுகின்றன. வலை பொருத்தச் சுவரில் துளையிட வேண்டும் என்பதால் அதற்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுவது நல்லது. பழுதுபார்க்கவோ பார்வையிடவோ உரிமையாளர் வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும் என்ற விதியையும் சேர்க்கலாம். மத்திய அரசின் மாதிரி வாடகைச் சட்டத்திலும் இந்த விதி உள்ளது. அறிமுகமில்லாதவர் திடீரென நுழையும்போதுதான் அமைதியான நாயும் பாய்கிறது.

முன்பணத்தில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. பெங்களூருவில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. வாடகை நிலவுரிமை மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால், மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றினால் மட்டுமே இது நடைமுறைக்கு வரும். உத்தரப் பிரதேசமும் அஸ்ஸாமும் 2021-இல் அவ்வாறு சட்டம் கொண்டுவந்தன. நாய்க்கென்று தனி முன்பணம் கேட்கும் உரிமையாளரிடம், அது திரும்பக் கிடைக்கும் தொகையா, கிடைக்காத கட்டணமா என்பதை எழுதி வாங்க வேண்டும். சங்கங்களுக்கு விதிக்கப்பட்ட கட்டணத் தடை உரிமையாளருக்குப் பொருந்தாது.

பிராணியை மறைத்துக் குடியேறும் வழக்கமும் உள்ளது. இதைவிட மோசமான யோசனை வேறில்லை. தடை நிபந்தனை உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு நாயைக் கொண்டுவருபவர், தெரிந்தே ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிறார். வாரியத்தின் வழிகாட்டுதல்களும் அவருக்குக் கைகொடுக்காது.

உரிமமும் உள்ளாட்சி விதிகளும்

வாரியமும் நீதிமன்றமும் அளிக்கும் பாதுகாப்பு, உள்ளாட்சி விதிகளுக்கு உட்பட்டு வளர்ப்போருக்கே உரியது. உரிமம் இல்லாத நாயின் உரிமையாளர், சங்கத்துடன் வாதாடும் முன்பே தோற்றுவிடுகிறார்.

தில்லியில் 1957-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தின் 399-வது பிரிவு நாய்களின் பதிவுக்கு வழிவகுக்கிறது. நொய்டா ஆணையம் 2022 நவம்பரில் வகுத்த கொள்கைப்படி நாய்களையும் பூனைகளையும் பதிவு செய்வதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் கட்டாயம். பிராணி ஒருவரைக் காயப்படுத்தினால் 10,000 ரூபாய் அபராதத்துடன் சிகிச்சைச் செலவையும் வளர்ப்பவர் ஏற்க வேண்டும். அதே ஆண்டு, குடியிருப்பு லிஃப்டில் வளர்ப்பு நாய் சிறுவனைக் கடித்த காணொலி பரவியதை அடுத்து, காஜியாபாத் மாநகராட்சி பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ ஆகிய இனங்களுக்குத் தடை விதித்தது. சென்னை மாநகராட்சி உரிமத்துடன் மைக்ரோசிப் பொருத்துவதையும் கட்டாயமாக்கியுள்ளது. அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு நாய் மட்டுமே என்று 2018-இல் பெங்களூரு மாநகராட்சி கொண்டுவர முயன்ற விதி, எதிர்ப்பு காரணமாக நிறுத்திவைக்கப்பட்டது.

இனத் தடை பற்றிய குழப்பம் இன்னும் தீரவில்லை. 23 நாய் இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்குமாறு மத்திய அரசு 2024 மார்ச் 12 அன்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியவர்களைக் கலந்தாலோசிக்காமல் வெளியிடப்பட்டதாகக் கூறி, கர்நாடக உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் அதை ரத்து செய்தது. எனினும் அந்தப் பட்டியலைச் சில சங்கங்கள் இன்றும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்துள்ளன.

அனைத்துப் பிராணிகளும் செல்லப்பிராணிகள் ஆவதில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. நம் நாட்டுப் பச்சைக்கிளிகளையும் நட்சத்திர ஆமைகளையும் வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். உரிமையாளரின் சம்மதம் இங்கே பொருளற்றது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு உயிரினங்களை, 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

அண்டைவீட்டாருக்கான கடமை

வளர்ப்பவரின் கவனக்குறைவால் பிராணி பிறரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலை ஏற்பட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதங்கள் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நாய்க்கு அஞ்சுவோர், முதியோர், குழந்தைகள் லிஃப்டில் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருப்பது சட்டம் சொல்லாத, ஆனால் பல தகராறுகளைத் தவிர்க்கும் நடைமுறை.

நாள் முழுவதும் நாயைப் பால்கனியில் கட்டிவிட்டு அலுவலகம் செல்வோருக்கு எதிராகவும் சட்டம் உள்ளது. குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், கட்டியே வளர்க்கும் நாய்க்கு உரிய உடற்பயிற்சி அளிக்காததும் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றங்கள். இடைவிடாத குரைப்பு குறித்த புகார்களில் கணிசமானவை, தனியே விடப்பட்ட நாய்களைப் பற்றியவையே. பகலில் நாயை நடத்திச் செல்ல ஆள் அமர்த்துவது புகாருக்கும் பிராணியின் தவிப்புக்கும் ஒருசேரத் தீர்வாகும்.

மறுபுறம், பிராணிக்கு விஷம் வைப்பதும் ஊனப்படுத்துவதும் சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரியவை. மிரட்டல்கள் வரும்போது அவற்றைப் பதிவு செய்து காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம்.

காலி செய்யச் சொன்னால்

ஒப்பந்தத்தில் சம்மதம் எழுதப்பட்டிருந்தால், செல்லப்பிராணியைக் காரணம் காட்டி இடையில் வெளியேற்றுவது கடினம். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் குறிப்பிடப்பட்டிருந்தால் அது பொருந்தும். எதுவும் எழுதப்படாத மாத வாடகைக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் தேவை.

எந்த நிலையிலும் உரிமையாளரோ சங்கமோ பூட்டுப் போட்டு வெளியேற்ற முடியாது. சட்ட நடைமுறையின்றி வெளியேற்றப்பட்டவர், 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடர்ந்து வீட்டின் அனுபோகத்தைத் திரும்பப் பெறலாம். தண்ணீர், மின்சாரம், லிஃப்ட் ஆகிய வசதிகளைத் துண்டிப்பதை மாதிரி வாடகைச் சட்டமும் அதன் வழியில் வந்த மாநிலச் சட்டங்களும் தடை செய்கின்றன.

பிராணி தடை செய்யப்பட்ட ஒப்பந்தம் என்றால், வாடகைதாரரின் நிலை பலவீனமானது. மாற்று வீடு கிடைக்கும் வரை அவகாசம் கேட்டுப் பேசுவதும், அதுவரை பிராணியை உறவினர் வீட்டிலோ கட்டணக் காப்பகத்திலோ வைப்பதுமே வழி. தெருவில் விட்டுச் செல்வது குற்றம். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 11-வது பிரிவின் கீழ் தண்டனைக்குரியது. ஆனால் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. ஒரு பொட்டலம் பிஸ்கட்டின் விலைக்கு அஞ்சி யாரும் பிராணியைக் காப்பாற்றப் போவதில்லை. வீட்டுக்குள் வளர்ந்த நாய், தெருநாய்களின் எல்லைச் சண்டையிலும் வாகனப் போக்குவரத்திலும் தாக்குப்பிடிப்பது கடினம். தத்து கொடுக்க வேண்டிய நிலை வந்தால், விலங்கு நல அமைப்புகள் மூலம் புதிய குடும்பத்தைத் தேடுவதற்குச் சில வாரங்களாவது தேவைப்படும் என்பதை நோட்டீஸ் கிடைத்த நாளிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

வீட்டை ஒப்படைக்கும்போது

குடிபுகும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் கதவுகள், தரை, அலமாரிகள், கொசுவலைச் சட்டங்கள் ஆகியவற்றைத் தேதியுடன் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவைப்பது, முன்பணப் பிடித்தம் குறித்த வாதங்களைக் குறைக்கும். வண்ணம் பூசும் செலவு எல்லா வாடகைதாரரிடமும் பிடிக்கப்படுவதே. நாய் இருந்ததால் இரண்டு முறை பிடிக்க முடியாது. பழுதுகளுக்கு ரசீது கேட்கும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. மாதிரி வாடகைச் சட்டத்தைப் பின்பற்றும் மாநிலங்களில், உரிய பிடித்தம் போக மீதத் தொகையை வீட்டைத் திரும்பப் பெறும் நாளிலேயே உரிமையாளர் தர வேண்டும்.

முந்தைய உரிமையாளரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்குவதற்கு ஏற்ற நேரமும் சாவியை ஒப்படைக்கும் நாளே. நாய் உரிமம் அந்தந்த உள்ளாட்சி அமைப்பின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், வேறு நகருக்குச் செல்வோர் புதிய முகவரியில் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று காலாவதியாகி இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படக்கூடும். ஆண்டுத் தவணை ஊசியை, புதிய வீட்டுக்கு மாறும் முன்பே போட்டுச் சான்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.